ஒரே வரியில் இரண்டு பேச்சியம்மாள்

இந்த மலையில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் நாளைக் காலை உங்கள் கம்ப்யூட்டரில் தேடிப் பாருங்கள். எஸ்டேட்டில் வேலைக்குச் சேரும்போது பிறந்த தேதி கேட்டிருப்பார்கள். தெரியாது என்று பதில் வந்திருக்கும். எழுதுகிறவர் வருஷத்தைக் குத்துமதிப்பாகப் போட்டு, தேதிக்கு ஜனவரி ஒன்று என்று எழுதியிருப்பார். பிறகு அதுவே ரேஷன் கார்டுக்குப் போய், ஆதாருக்குப் போய், கடைசியில் நம்மிடம் வந்து சேரும்.

மருத்துவ ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய பிரிவுத் தலைவி கேட்டுக்கொண்டார். நான் சாந்தாமணி. கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த வேலையைத் தொடங்கி, கல்யாணத்துக்குப் பிறகு மலையேறி, வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அறையில் ஓய்வு பெற்றேன். நோய்க்குறியீடு போடுவது, சான்றிதழ் எடுப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். ஒரு காலை நேரத்தில் நடந்ததையும் அதன் பிறகு நடந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

முன்பு ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு மென்பொருளை வைத்திருந்தது. ஒன்று மெதுவாக ஓடும், ஒன்று மழை பெய்தால் ஓடாது. நாங்கள் வைத்திருந்ததில் தமிழ்ப் பெயர்களை எப்படி அடித்தாலும் அது வேறொரு பெயராக மாற்றிக் காட்டும். ஆனால் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று சொல்ல முடிந்தது. அப்படிச் சொன்னால் மறுநாளே ஆள் வந்து நிற்பார்.

பிறகு ஒரு பெரிய கம்பெனி வந்தது. சின்னக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கியது. வாங்க முடியாதவை தானாக மூடிக்கொண்டன. சில வருஷங்களில் பாலக்காட்டிலிருந்து மூணாறு வரை எனக்குத் தெரிந்த எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே திரை, ஒரே நிறம், ஒரே பட்டன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இங்கிருந்து பாலக்காட்டுக்கு அனுப்பிய நோயாளியின் ரத்தப் பரிசோதனை, ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே திறந்திருக்கும். எக்ஸ்ரே படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போன காலத்தைப் பார்த்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மாறியது வேறொன்று. ஒரு தடவை நாங்கள் அவர்களிடம் ஒரு சின்ன உதவி கேட்டோம். எஸ்டேட் தொழிலாளர்கள் எல்லோருக்கும் முகவரி எஸ்டேட் ஆபீஸ்தான். தொலைபேசி எண்ணும் பல பேருக்கு அதுதான். ஆகவே அவர்கள் குடியிருக்கும் லயத்தின் எண்ணை, அதாவது வரிசை வீட்டின் எண்ணை எழுத ஒரு கட்டம் வேண்டும் என்றோம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பு வந்தது, கட்டம் வரவில்லை. அதற்கும் அடுத்ததில் பார்க்கலாம் என்றார்கள். கோபமாகப் பேசிப் பார்த்தேன். மறுமுனையில் இருந்த பெண் கொஞ்சமும் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? நாங்கள் போவதற்கு வேறு இடம் கிடையாது என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஆடி மாத மழை. சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு ஜீப் கேஷுவாலிட்டி வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். பெயர் பேச்சியம்மாள், கணவர் பெயர் முருகன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணிபோலத் தொங்கியது. கண் எல்லோரையும் பார்த்தது, ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. பக்கவாதம் என்று வாசலில் நின்ற காவலாளிக்கே தெரிந்திருக்கும்.

கூட வந்தவள் செல்வி என்ற சின்னப் பெண். தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"காலையில நல்லாத்தான் பேசிட்டு வந்துச்சு. கூடைய எடுக்கக் குனிஞ்சுச்சு, அப்டியே சாஞ்சுருச்சு டாக்டர்" என்றாள்.

அது முக்கியமான தகவல். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அந்த அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. அடைத்த சில மணி நேரத்துக்குள் போட்டால் கையும் பேச்சும் திரும்பி வர வாய்ப்பு உண்டு. நேரம் கடந்தால் போட முடியாது. ஆனால் உடம்பில் வேறெங்காவது புதிய காயமோ, சமீபத்தில் பெரிய ஆபரேஷனோ இருந்தால் அதே ஊசி ரத்தப்போக்கில் ஆளைக் கொன்றுவிடும். மலைப்பாதையில் ஜீப் வந்து சேருவதற்குள் பாதி நேரம் போயிருந்தது.

பணியில் இருந்தவர் டாக்டர் அனூப். கோட்டயத்துக்காரர், இளம் வயது, கெட்டிக்காரர். உடனே தலையை ஸ்கேன் எடுத்தார். மூளைக்குள் ரத்தம் கசியவில்லை. பாலக்காட்டில் இருக்கும் நரம்பியல் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். கல்பாத்திக்காரரான அந்தப் பெரியவர் தன் அறையில் இருந்தபடியே நம் ஸ்கேனைத் திறந்து பார்த்தார். எல்லாம் ஊசி போடும் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருடைய குரல் மாறியது.

"கொஞ்சம் இருங்கோ. இவளுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வயத்தைத் திறந்து ஆபரேஷன் ஆயிருக்கே? குடல் அடைப்புன்னு போட்டிருக்கு. பாக்கலையா நீங்க?"

அனூப் திரையைப் பார்த்தார். ஆமாம், இருந்தது. மூணாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த பெரிய ஆபரேஷன். மூணாறுக்கே போன் செய்தார். அங்கே இருந்த நர்ஸும் திரையைப் பார்த்து, பேச்சியம்மாள், முருகன் மனைவி, ஆபரேஷன் நடந்தது உண்மை என்றாள். ஊசியை எடுத்து வைத்திருந்த தட்டு அப்படியே மேசைக்குத் திரும்பியது.

செல்வியிடம் கேட்டார்கள். "ஆபரேஷன் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு வாரமா அது வேலைக்கு வரல. போடியில மக வீட்டுக்குப் போயிருக்குன்னு சொன்னாங்க. முந்தாநாத்துதான் வந்துச்சு" என்றாள்.

பாருங்கள், அதுவும் பொருந்தியது. ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் படுத்திருந்துவிட்டு வந்திருக்கலாம். கணவர் மலைச்சரிவில் மருந்தடிக்கப் போயிருந்தார், அங்கே செல்போன் எடுக்காது. மகளின் எண் யாரிடமும் இல்லை. நம் பதிவில் இருந்த எண் எஸ்டேட் உரிமையாளரின் ஆபீஸ் எண்.

அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மூணாறில் எழுதிய ஆபரேஷன் குறிப்பை முழுதாக எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. "சேச்சி, அதொண்ணு வேகம் எடுத்துத் தாங்க. அதில் என்னமாவது வழி உண்டான்னு பார்க்கணும்" என்றார் அனூப். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் விடுவதில் அவருக்கு மனமில்லை. ஆனால் போட்டு ஏதாவது ஆகிவிட்டால், மூன்று ஆஸ்பத்திரி சொல்லியும் கேட்கவில்லையே என்று உலகம் கேட்கும்.

பதிவைத் திறந்தேன். ஆபரேஷன் குறிப்பு இருந்தது. அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகளைப் படித்தேன். மூணாறில் ஆபரேஷன் நடந்த மறுநாள், அதே பேச்சியம்மாள் நம் ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவில் பிரஷர் மாத்திரை வாங்கியிருந்தாள்.

"ஏனுங்க டாக்டர், அங்க வயித்தத் தெறந்து படுத்திருக்கறவங்க இங்க வந்து மாத்திரை வாங்க முடியுமுங்களா?"

அவர் சோர்வாகச் சொன்னார்: "மாத்திரை அவரோட மகனோ மருமகளோ வந்து வாங்கியிருக்கும் சேச்சி. இங்கே எல்லாரும் அப்படித்தானே வாங்குவார்?"

அவர் சொன்னது சரி. மழைக்காலத்தில் ஒருவரே நான்கு வீட்டு மாத்திரையை வாங்கிப் போவது இங்கே வழக்கம். அந்த வரி எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. பாலக்காடு, மூணாறு, நாம் என்று மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பேரும் பார்த்தது ஒரே கம்பெனியின் ஒரே வரியைத்தான். பழைய நாளாக இருந்திருந்தால் மூணாறு தன் பதிவைப் பார்த்து ஒன்று சொல்லும், நாம் நம் பதிவைப் பார்த்து வேறொன்று சொல்வோம், எங்கோ இடிக்கிறதே என்று யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போது இடிப்பதற்கு இரண்டாவது பதிவே இல்லை.

திரையை இன்னும் தோண்டிப் பயனில்லை என்று பட்டது.

"டாக்டர், வயித்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கையையும் காலையும் கண்ணையும் சோதித்து, ஸ்கேனுக்கு ஓடி, ஊசிக்குத் தயாராகும் அவசரம். அந்தப் பெண்ணோ தோட்டத்து உடையிலேயே கிடந்தாள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதற்கு மேல் மழைக்கு இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் படுதா. கயிறு நனைந்து இறுகியிருந்தது. ஆபரேஷன் ஆனதாக மூன்று ஆஸ்பத்திரி சொன்ன பிறகு அதை அவிழ்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

சிஸ்டர் லிசி திரைச்சீலையை இழுத்தாள். நான் வெளியே நின்றேன். கத்தரிக்கோல் கயிற்றை வெட்டும் சத்தம் கேட்டது.

"தையல் இல்ல டாக்டர்" என்றாள் லிசி. "ஒரு கீறல்கூட இல்ல. பிரசவத்தில் வந்த வரித் தழும்புதான் உண்டு."

அனூப் உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்தார், கையால் தடவியும் பார்த்தார். வெளியே வந்து பாலக்காட்டுக்குப் பேசினார். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அந்தப் பெரியவரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நன்னாப் பாத்தேளா? ரெண்டு வாரத் தையல்னா செவந்து இருக்குமே."

"ஒன்றும் இல்லை சார். இது வேற ஆளோட ஆபரேஷன்."

"அப்படின்னா அந்த ரெக்கார்டுல வேற எதையும் நம்பப்படாது. சக்கரை, ரத்தம் உறையற டெஸ்ட், பிரஷர், எல்லாம் புதுசா எடுங்கோ. ரெக்கார்டே இல்லாம வந்த பொம்மனாட்டின்னு நெனச்சுக்கோங்கோ. சரியா இருந்தா போடுங்கோ. நான் லைன்லயே இருக்கேன்."

எல்லாம் சரியாக இருந்தது. நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊசி ஏறியது.

மதியத்துக்கு மேல் நான் போய்ப் பார்த்தபோது பேச்சியம்மாளின் வலது கை விரல்கள் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. லிசி பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இழு, இழு என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். மாலைக்குள் ஒரு வார்த்தை வந்தது. குழறலாக, ஆனால் தெளிவாகப் புரியும்படி. "படுதா... எங்க?" என்றாள். வெட்டிவிட்டோம் என்று லிசி சொன்னதும் பேச்சியம்மாள் அவளை முறைத்த முறைப்பைப் பார்த்து அனூப் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. இவள் வயிற்றில் தையல் இல்லை என்றால், தையல் உள்ள வயிறு எங்கோ இருக்கிறது. அந்தப் பெண்ணின் பதிவும் இவளுடைய பதிவும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. இவளைக் காப்பாற்றிவிட்டோம். அவளை யார் பார்ப்பது?

மூணாறு ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் ஜோஸ் என்று ஒருவர். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பல வருஷப் பழக்கம். அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். திரையைப் பார்க்காதீங்க, ஆபரேஷன் தியேட்டரில் கையால் எழுதிய தாளை எடுங்க என்றேன். அவர் எடுத்துப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

"சாந்தாமணி, இவளுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் மருந்து ஒத்துக்காதுன்னு எழுதியிருக்கு. மயக்கம்போட்டு விழுந்திருக்கா. ஸ்கிரீன்ல ஒவ்வாமை ஒண்ணும் இல்லைன்னு காட்டுது."

இரண்டு பதிவும் சேர்ந்தபோது, கடைசியாகப் பதிந்த பதிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கம்பெனியின் மென்பொருள் விட்டுவிட்டது. கடைசியாகப் பதிந்தது நாங்கள். எங்கள் பேச்சியம்மாளுக்கு ஒவ்வாமை கிடையாது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க ஜோஸ்?"

"இருங்க, வார்டில கேட்டுட்டு வரேன்."

அவர் திரும்பி வரும்வரை தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளுக்கு முன் தையலில் சீழ் வைத்து வந்திருக்கிறாள் என்றார். அன்றைக்கு இருந்த சர்ஜன் சீழை எடுத்துவிட்டுக் கட்டுப்போட்டால் போதும், மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டோம், கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அரை மணி நேரம் கழித்துச் சொன்னார். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளைக் காப்பாற்றியது நாங்களும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒரு டாக்டர் அன்று மருந்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வாரம் கம்பெனி எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே இரவில் புதிய பதிப்பை ஏற்றியிருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் தானே கண்டுபிடித்து ஒன்றாக்கும் வசதி அதில் இருந்தது. பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர், தொலைபேசி நான்கும் ஒத்தால் ஒரே ஆள். இரண்டு பேச்சியம்மாளும் வேலை பார்த்த இரண்டு எஸ்டேட்டுக்கும் ஒரே உரிமையாளர், ஒரே ஆபீஸ், ஒரே தொலைபேசி. இருவரும் ஜனவரி ஒன்று, அதே வருஷம்.

கம்பெனியை அழைத்தேன். பணிவாகப் பேசினார்கள். புகாருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். ஒன்றானதைப் பிரிக்க இப்போது வழி இல்லை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, தெளிவு வந்தது. இவர்களிடம் தனியாகப் பேசுவதில் அர்த்தமில்லை. யாரையும் கேட்காமல், எனக்குத் தெரிந்த எல்லா ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவையும் வரிசையாக அழைத்தேன். ஜனவரி ஒன்று என்று இருந்தால் திரையை நம்பாதீர்கள், ஆளிடம் கேளுங்கள், பேச முடியாவிட்டால் உடம்பைப் பாருங்கள் என்றேன். பாலக்காட்டில் ஒருவரும் மூணாறில் ஜோஸும் அதையே இன்னும் பலருக்குச் சொன்னார்கள்.

மறுநாள் நம் மருத்துவக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "யார் அனுமதி கொடுத்தது உங்களுக்கு?" என்றார்.

"யாரும் கொடுக்கலீங்க சார். கேட்டு வாங்கற நேரத்துல ஒத்துக்காத மருந்தை யாருக்காவது போட்டிருப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மத்த ஆஸ்பத்திரி சூப்பிரண்டுகள்கிட்ட நான் பேசுறேன். கம்பெனிக்கு நாம தனித்தனி ஆளுங்க. ஒண்ணாப் போனாத்தான் காது கேக்கும்" என்றார்.

அவர் பேசினார். அந்தக் கம்பெனி வந்த நாளிலிருந்து எங்களுக்கு வேறு இடமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களை விட்டால் அவர்களுக்கும் இந்த மலையில் வேறு ஆள் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தோன்றியது. தானாக ஒன்றாக்கும் வசதியை நிறுத்தும்வரை ஒருவரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எல்லா ஆஸ்பத்திரியும் சேர்ந்து சொன்னது. அந்த வாரத்துக்குள்ளேயே நிறுத்தினார்கள். எங்கள் பதிவுகளின் பிரதி ஒன்று எங்களிடமே தனியாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒத்துக்கொண்டார்கள். முடியாது என்று வருஷக்கணக்காகச் சொன்ன விஷயம் அது.

கலந்ததைப் பிரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் பஸ்ஸில் மலையேறி வந்தார். நல்ல பையன். ஜனவரி ஒன்றில் பிறந்தவர்களின் பெயர்களைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. "மேடம், எங்க ஆபீஸ்லேர்ந்து பார்த்தா இவங்க ரெண்டு பேரும் ஒரே வரிதான்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

அடையாளம் சரிபார்க்க இரண்டு பேச்சியம்மாளையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தோம். மூணாறுக்காரி உயரம், சிரித்த முகம், வயிற்றில் கை வைத்தபடி மெதுவாக நடந்து வந்தாள். நம்மவள் குட்டை. பேச்சு பெரும்பாலும் திரும்பியிருந்தது, சில வார்த்தைகள் மட்டும் நாக்கில் சிக்கின. யாராலும் ஒரே ஆள் என்று சொல்ல முடியாத இரண்டு பெண்கள் என் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒம் புருசனும் முருகனா? குடிப்பாரா?" என்றாள் உயரமானவள்.

"ஞா... ஞாயித்துக்கிழம" என்றாள் நம்மவள்.

"அப்ப அதுவும் ஒண்ணுதான்" என்று மற்றவள் சொல்ல, இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தன் வலது கையை நீட்டி அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

உள்ளே அந்த இளைஞர் விசையைத் தட்டினார். திரையில் ஒரு வரி இரண்டானது. நானும் அவரும் மூச்சை விட்டோம்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். ஒரே கம்பெனி இருப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் அதே திரையில்தான் வேலை செய்கிறீர்கள், நன்றாகவே ஓடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே பதில் வரும்போது அதைப் பல பேர் சொன்ன பதில் என்று எண்ணிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு பேச்சியம்மாளும் வந்த அன்று ரத்த அழுத்தம் பார்க்க லிசி வெளியே வந்து, "பேச்சியம்மா!" என்று கூப்பிட்டாள். பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். "இந்தா வாரேன்" என்றது இரண்டு குரல். லிசி கையில் வைத்திருந்த அட்டையைப் பார்க்கவில்லை. நேராக அவர்களுக்குப் பக்கத்தில் போனாள். ஒருத்தியின் தோளைத் தொட்டு, "நீங்க எந்தத் தோட்டம்மா?" என்று கேட்டாள்.